குளத்துக் கூண்டின் பழைய வலை: பார்வை தெளிய எதை மாற்றுவது?

#1 நீலக்குளம்

வணக்கம். எங்கள் வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றி அலுமினியச் சட்டம் நிறுத்தி வலை கட்டிய கூண்டு ஒன்று இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் போட்டது, இருபது வருஷத்துக்குக் குறையாது. சட்டம் வெள்ளை. வலை ஒரு காலத்தில் கருப்பு. இப்போது என்ன நிறம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அழுக்குச் சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூண்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கி ஏரியில் முடிகிறது. வீடு வாங்கியதே அந்த ஏரிக்காகத்தான். ஆனால் வராந்தாவில் உட்கார்ந்தால் ஏரி தெரியாது. அங்கே ஒரு ஏரி இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ஒருவரை வரவழைத்துக் காட்டினேன். "எல்லா வலையையும் பிரித்துவிட்டுத் தெளிவு வலை போட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் மனைவி என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

விவரம்: பின்பக்கம் ஐந்து கட்டம், ஒவ்வொன்றும் எட்டடி அகலம். தரையை ஒட்டி 16 அங்குலத்துக்கு அலுமினியத் தகடு. மூன்றடி உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி. ஸ்க்ரூ தலைகள் பாதிக்கு மேல் துரு. அவ்வளவு செலவு செய்து வலை மாற்றினால் உண்மையிலேயே பார்வை தெளியுமா?

#2 ரோலர்_ராசா

தம்பி, பதினான்கு வருஷமாக வலை கட்டுகிறேன், அதனால் சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு கட்டத்தைக் கழுவிப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர், மென்மையான நீளக் கைப்பிடி பிரஷ், போதும். உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் அழுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். பச்சையாகப் பாசி இருந்தால் நீர்த்த பிளீச், கால் மணி நேரத்துக்குள் நன்றாக அலசிவிட வேண்டும். தண்ணீர் தெறித்துத் தெறித்து வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் வினிகர். இரண்டையும் ஒரே நாளில் கையிலெடுக்காதீர்கள். பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

கழுவிய கட்டத்தையும் கழுவாத கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு மறுபடி எழுதுங்கள். என்னைக் கூப்பிடுகிறவர்களில் சிலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். எனக்கு நஷ்டம்தான், என்ன செய்ய.

#3 சும்மா_படிப்பவன்

பிரஷர் வாஷர் வைத்து அடித்தால் ஐந்து நிமிஷ வேலை. இதற்குப் போய் பிரஷ்ஷா?

#4 ரோலர்_ராசா

அடிக்கலாம். அடித்த ஐந்து நிமிஷத்தில் வலை தொய்ந்து வயிறு தள்ளி நிற்கும். வலையைச் சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், பிடித்து வைத்திருப்பது ஸ்பிளைன் என்கிற ரப்பர் கயிறு மட்டும்தான், ஆணியோ பசையோ கிடையாது. அழுத்தத் தண்ணீர் பட்டால் கிழட்டு ஸ்பிளைன் வெளியே எட்டிப் பார்க்கும். கட்டாயம் அடித்தே தீருவேன் என்றால் அகலமாக விசிறும் நாசில், குறைந்த அழுத்தம், நாலடி தள்ளி நின்று. சட்டத்துக்குச் சரி. வலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

#5 நீலக்குளம்

ராசா அண்ணா, சொன்னபடியே செய்தேன். ஒரு வாளித் தண்ணீர் தேயிலைச் சாறு நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது வாளியும். மூன்றாவதில்தான் தண்ணீர் தண்ணீராக இருந்தது.

கழுவிய கட்டம் நிச்சயம் மேல். பக்கத்துக் கட்டத்தோடு ஒப்பிட்டால் யாரோ ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. ஆனால் ஒரு சிக்கல். மேல் மூலையில் பிரஷ்ஷைக் கொஞ்சம் அழுத்தினேன், வலை முறுக்கு ஒடிவது போல ஒடிந்தது. கிழியவில்லை, ஒடிந்தது. விரலால் தொட்டால் மேல்பூச்சு பொடியாக உதிர்கிறது, உள்ளே வெள்ளையாக நூல் தெரிகிறது. வெயில் படாத வீட்டோரக் கட்டத்தில் அப்படி இல்லை, இன்னும் வளைகிறது.

#6 ரோலர்_ராசா

அப்படியென்றால் அதன் காலம் முடிந்தது. உள்ளே கண்ணாடி நூல், மேலே வினைல் பூச்சு. வெயிலில் பூச்சு போய்விட்டால் உள்ளிருக்கும் நூல் நிற்காது. வெயில் தின்ற கட்டங்களை மாற்றியாக வேண்டும். வீட்டோரம் இருப்பதைத் தொடாதீர்கள். "எல்லா வலையும்" என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

#7 கணக்குப்பிள்ளை

தெளிவு வலை பற்றி ஒரு கணக்கு. விளம்பரத்தை விட இது நம்பகமானது.

கூண்டுக்குக் கட்டும் சாதாரண வலையை 18-க்கு 14 என்பார்கள். ஓர் அங்குலத்தில் ஒரு பக்கம் 18 நூல், மறு பக்கம் 14. நூலின் தடிமன் 0.011 அங்குலம் என்று எடுத்துக்கொள்வோம். 18 நூல் சேர்ந்து அங்குலத்தில் 0.198-ஐ அடைத்துக்கொள்ளும், 14 நூல் 0.154-ஐ. மிச்சம் இரண்டையும் பெருக்கினால் 0.802 × 0.846, அதாவது பரப்பில் 68 சதவீதம் திறப்பு. இப்போது 0.007 அங்குல நூலில் 18-க்கு 18 நெய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். திறப்பு 76 சதவீதம். ஓட்டை சிறியது, ஆனாலும் பார்வை அதிகம். தெளிவு வலையின் சூட்சுமம் மெல்லிய நூல்தான், பெரிய ஓட்டை இல்லை.

ஆக, வித்தியாசம் உண்மை. ஆனால் 68-க்கும் 76-க்கும் உள்ள வித்தியாசம். "கண்ணாடி மாதிரி" என்பது பேச்சு.

இன்னொன்று, நேராகப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு. பக்கவாட்டில் 60 டிகிரி சாய்ந்து பார்த்தால் நிற்கும் நூல்களுக்கு இடையிலான தூரம் கண்ணுக்குப் பாதியாகிவிடும், நூல் மட்டும் அதே தடிமன். 68 சதவீதம் 51-க்கு இறங்கும். நாற்காலியை எங்கே போடுகிறீர்கள் என்பதற்கு வலையை மாற்றுவதைவிட அதிக விளைவு உண்டு.

#8 மாலைக்கடி

இடையில் ஓர் எச்சரிக்கை. நாங்கள் இருப்பது சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். கொசு இல்லை, அதைவிடப் பொடிசு. வந்து உட்காருவது தெரியாது, கடித்தபிறகுதான் தெரியும். 18-க்கு 14 வலையில் அது நடந்தே உள்ளே வந்துவிடும். 20-க்கு 20 போட்டோம். கடி நின்றது, பார்வையும் ஒரு திரை இறங்கின மாதிரி ஆகிவிட்டது. காற்றும் குறைவு. எங்களுக்கு அதில் வருத்தமில்லை, மாலையில் வெளியே உட்கார முடிகிறதே. எந்தப் பூச்சி வருகிறது என்று பார்த்துவிட்டு வலையைத் தேர்ந்தெடுங்கள்.

#9 கணக்குப்பிள்ளை

சரியான விஷயம். உங்கள் நூலும் தடிமனாக இருந்திருக்கும். 0.013 நூலில் 20-க்கு 20 என்றால் திறப்பு 55 சதவீதம்தான்.

#10 ரோலர்_ராசா

நிறமும் இருக்கிறது. கருப்பு வலையைப் பார்த்துவிட்டு "இருட்டாக இருக்குமே" என்று பயப்படுவார்கள். நடப்பது நேர்மாறு. வெளிர் நூலில் வெயில் பட்டால் நூலே பளபளக்கும், கண் அதில் போய் நின்றுவிடும். கருப்பு நூல் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் கண் அதைத் தாண்டிப் போகும். வெள்ளைச் சட்டத்துக்கும் இதே கதைதான்.

#11 அலுமினியம்_அக்கா

ஏரிக்காரத் தம்பிக்கு. நீங்கள் எல்லோரும் வலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இரண்டு வருஷம் முன்பு இதே வழியில் போய்ப் பட்டுத் தெரிந்துகொண்டவள். புது வலை போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன், முதல் பத்து நிமிஷம் பிரமாதம். அப்புறம் கண் வலையை மறந்துவிட்டது, கம்பிகள் மட்டும் மிச்சம். வலையை மூளை மறக்கும், கம்பியை மறக்காது.

ஒரு பைசா செலவில்லாத சோதனை சொல்கிறேன். நீங்கள் எப்போதும் உட்காரும் நாற்காலியில், எப்போதும் உட்காரும் மாதிரியே சாய்ந்து உட்காருங்கள். நின்று பார்க்காதீர்கள், நின்றால் எல்லாக் கூண்டும் அழகுதான். ஏரியை மறைப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் குறித்து வையுங்கள்.

#12 நீலக்குளம்

அக்கா, நீங்கள் சொன்னது என் தலையில் யாரோ குட்டிய மாதிரி இருக்கிறது.

உட்கார்ந்தேன். மனைவி அளவு நாடா பிடித்தாள். என் கண் தரையிலிருந்து நாலடி. கூண்டின் பின்சுவர் 20 அடி தள்ளி. அந்தக் குறுக்குக் கம்பியின் மேல் விளிம்பு மூன்றடி, கம்பி 2 அங்குலம். கண்ணிலிருந்து கம்பியின் மேல் விளிம்பு வழியாகக் கோடு இழுத்தால் 20 அடிக்கு ஓரடி இறங்குகிறது. ஏரி மட்டம் வராந்தாவைவிட ஐந்தடி கீழே, என் கண்ணைவிட ஒன்பதடி கீழே. ஆக அந்தக் கோடு 180 அடியில் தண்ணீரைத் தொடும். கம்பியின் கீழ் விளிம்பு வழியாக இழுத்தால் 154 அடியில். 2 அங்குலக் கம்பி 25 அடிக்கு மேல் தண்ணீரை அப்படியே விழுங்குகிறது! நாரைகள் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். ஐந்து வருஷமாக வலையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

#13 வெட்டிவிடு

இதற்கா இவ்வளவு பேச்சு. அந்தக் குறுக்குக் கம்பியை அறுத்து எடுத்துவிடுங்கள். பக்கத்துக்கு நாலு ஸ்க்ரூ. நான் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது, கூண்டு அப்படியே நிற்கிறது.

#14 கணக்குப்பிள்ளை

நிற்கும். பெரிய காற்று வரும்வரை எல்லாமே நிற்கும்.

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்தக் கம்பி மூன்று வேலை செய்கிறது. தூண்கள் பக்கவாட்டில் நெளியாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்திருக்கிறது. வலையின் பரப்பைச் சிறிதாக்குகிறது. எட்டடி இடைவெளியில் நிற்கும் தூண்கள் இரண்டுக்கும் நடுவே ஏணிப்படி மாதிரி நின்று சட்டத்தைச் சதுரமாக வைத்திருக்கிறது. வலை ஓட்டைதானே, காற்று போய்விடும் என்று நினைப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு நூல் என்று மேலே கணக்குப் போட்டோம், அந்த நூல் எல்லாம் காற்றை வாங்கும்.

இந்தக் கூண்டுகள் வீட்டுக்கு வீடு நிற்பது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில். ஆகஸ்ட் 2004-இல் சார்லி புயல் கரையேறியபோது அங்கே ஏராளமான கூண்டுகள் மடங்கி விழுந்தன. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரே அளவுச் சட்டம், ஒரே சுமை என்றால் மூன்று மடங்கு வளையும். இதில் ஒரு தாங்கலை எடுப்பது விளையாட்டு இல்லை.

தூணை எடுப்பது இன்னும் மோசம். இரண்டு எட்டடிக் கட்டத்துக்கு நடுவில் இருக்கும் தூணை எடுத்தால் மேல் பீமின் தாவுதூரம், அதாவது தாங்கல் இல்லாமல் தாண்டும் நீளம், 16 அடி. சீரான சுமையில் தொய்வு தாவுதூரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். இரண்டு மடங்கு தூரம், 16 மடங்கு தொய்வு. அதனால்தான் முழுசாகத் திறந்த பார்வை வேண்டும் என்று தூண்களை எடுக்கிறவர்கள் மேலே ஆழமான பீம் ஒன்றைப் புதிதாகப் போடுகிறார்கள். அழகான வேலைதான், ஆனால் பொறியாளரின் வரைபடமும் அனுமதியும் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது.

நீலக்குளம், உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது என்று நினைக்கிறேன். கம்பியை எடுக்க வேண்டாம், இறக்குங்கள். கீழே ஏற்கெனவே 16 அங்குலத்துக்குத் தகடு இருக்கிறது, அதன் தலையோடு சேர்த்துவிடலாம். தூணின் தாங்கலற்ற உயரம் கூடும், அதனால் தூணைக் கனமாக்க வேண்டியிருக்கலாம். அதை நேரில் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும்.

#15 வெட்டிவிடு

சரி சார், மிரட்டாதீர்கள். கழற்றிய கம்பி கொட்டகையில்தான் கிடக்கிறது.

#16 கணக்குப்பிள்ளை

மாட்டிவிடுங்கள் தம்பி. புது ஸ்க்ரூவோடு.

#17 நீலக்குளம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்தார். ஏரிக்கு நேராக இருக்கும் நடு மூன்று கட்டங்களில் கம்பியை 16 அங்குலத்துக்கு இறக்கலாம், அந்த நாலு தூணையும் ஆழமான சட்டமாக மாற்ற வேண்டும் என்று வரைந்து கொடுத்தார். ஓரக் கட்டங்கள் இரண்டும் அப்படியே இருக்கட்டும், மூலைக் குறுக்குக் கேபிள்கள் அங்கேதான் இருக்கின்றன, அவற்றில் கை வைக்கக்கூடாது என்றார். தூணை எடுப்பது பற்றிக் கேட்டேன். மேல் பீமையும் கூரையின் பாதியையும் பிரிக்க வேண்டும் என்றார். மனைவி மறுபடி என்னைப் பார்த்தாள்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்று. ஒரு மூலையில் தூணின் அடித்தகட்டுக்குக் கீழே வெள்ளையாக மாவு மாதிரி கொட்டியிருந்தது. "இங்கே என்ன வைத்திருந்தீர்கள்?" என்றார். குளத்துக்கு ஊற்றும் அமில கேன்! ஐந்து வருஷமாக அதே மூலையில். மூடிதான் இருக்கிறதே என்று நினைத்தேன், மூடி வழியாகக் கசியும் ஆவியே போதுமாம் அலுமினியத்தை அரிக்க. கேனை வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றியாகிவிட்டது. அந்த அடித்தகடும் நங்கூர போல்ட்டும் புதிதாக மாற்ற வேண்டும்.

இரண்டு கேள்வி. துருப்பிடித்த ஸ்க்ரூ எல்லாவற்றையும் நானே மாற்றலாமா? சட்டத்தை வெள்ளையிலிருந்து கருங்காப்பி நிறத்துக்கு மாற்ற ஆசை, எப்போது அடிப்பது?

#18 ரோலர்_ராசா

ஸ்க்ரூ மாற்றலாம். ஒன்றைக் கழற்று, ஒன்றைப் போடு, அடுத்ததுக்குப் போ. பத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேலே நிமிர்ந்து பார்க்காதீர்கள். துரு உங்கள் சட்டத்தின் துரு இல்லை, அலுமினியம் துருப்பிடிக்காது. முன்பு போட்டது பெயின்ட் அடித்த சாதா இரும்பு ஸ்க்ரூ. இப்போது துருப்பிடிக்காத எஃகு போடுங்கள், தலைக்கு அடியில் ரப்பர் வாஷரோடு. அலுமினியமும் எஃகும் ஈரத்தில் நேராக ஒட்டி இருப்பது நல்லதில்லை. பழைய ஓட்டை தளர்ந்திருந்தால் ஒரு சைஸ் கூட்டிப் போடுங்கள்.

#19 அலுமினியம்_அக்கா

பெயின்ட் என் பாடம். வரிசை மாறக்கூடாது: முதலில் சட்ட வேலை, அப்புறம் ஸ்க்ரூ, அப்புறம் பெயின்ட், கடைசியில்தான் வலை. நான் வலையை முதலில் போட்டுவிட்டுப் பெயின்ட் அடித்தேன். ஸ்பிளைன் காடி முழுக்க பெயின்ட், புது வலையில் புள்ளி புள்ளியாக. இன்னும் மழை நாளில் அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பழைய வெள்ளைச் சட்டத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி ஒட்டினால் அதன் மேல் எதை அடித்தாலும் உரியும். நன்றாகக் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி கழுவி, காயவிட்டு, உலோகம் தெரியும் இடங்களில் மட்டும் அலுமினியத்துக்கான பிரைமர். மேலே வெளிப்புற அக்ரிலிக், மெல்லிசாக இரண்டு கோட். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். சட்டம் சுட்டுக்கொண்டிருந்தால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து கோடு விழும்.

நிறம் மாற்றியதும் பார்வையில் என்ன ஆகும் என்று கேட்காமலே சொல்கிறேன். வெள்ளைத் தூண் முன்னால் வந்து நிற்கும், கருங்காப்பித் தூண் பின்னால் போய் மரங்களோடு சேர்ந்துகொள்ளும். புது வலை கொடுத்ததைவிட எனக்கு இதுதான் அதிகம் கொடுத்தது.

#20 கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னதோடு ஒரு வரி. கருநிறம் அதிகம் சூடாகும். 6 மீட்டர் பீம் 30 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மத்தியானம் கூண்டு டக் டக் என்று சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம்.

#21 இரண்டுவால்_அம்மா

எல்லோரும் பார்வை பற்றியே பேசுகிறீர்கள். வலையைப் பிரித்துவிட்டால் குளம் திறந்து கிடக்குமே, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால்? எங்கள் கூண்டை வேலைக்குப் பிரித்தபோது என் சின்னவன் நடக்க ஆரம்பித்த சமயம். அந்த நாலு நாளும் எனக்குத் தூக்கமில்லை.

#22 கணக்குப்பிள்ளை

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். பல இடங்களில் கூண்டுதான் சட்டப்படி குளத்தின் தடுப்பு. ஃபுளோரிடா 2000-இல் கொண்டுவந்த வீட்டு நீச்சல் குளப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுப்பு குறைந்தது 4 அடி உயரம் வேண்டும். வாசல் குளத்துக்கு எதிர்ப்புறமாக, வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தானாக மூட வேண்டும், தானாகத் தாழ் விழ வேண்டும். வலையைப் பிரிக்கும் அன்றே தற்காலிக வேலி நிற்க வேண்டும். "சாயங்காலம் போட்டுவிடுவோம்" என்பதை ஏற்காதீர்கள்.

கூண்டு வேலையோடு கதவையும் பாருங்கள். பாதி திறந்து கையை விட்டுவிடுங்கள். தானாகச் சாத்தித் தாழ் விழாவிட்டால் கீல் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

#23 ஒயர்மேன்

நானும் ஒன்று சேர்த்துவிடுகிறேன். அடித்தகட்டை மாற்றும்போது தூணின் காலில் பச்சை ஏறிய செம்புக் கம்பி ஒன்று ஸ்க்ரூவில் மாட்டியிருக்கும். அனாதை ஒயர் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். குளத்தைச் சுற்றியுள்ள உலோகம் எல்லாவற்றையும் ஒரே மின்னழுத்தத்தில் வைக்கும் இணைப்பு அது. அமெரிக்க மின் விதித் தொகுப்பில் 680.26 பிரிவு, குளத்தின் உள்சுவரிலிருந்து 5 அடிக்குள் இருக்கும் உலோகத்தை குறைந்தது 8-ஆம் எண் தடிமனுள்ள ஒற்றை இழைச் செம்புக் கம்பியால் இணைக்கச் சொல்கிறது. ஈரக் கையோடு தூணைப் பிடிக்கிறவருக்கு அதுதான் காப்பு. புதுத் தூணிலும் திரும்ப மாட்டியிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள். எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்தால் இன்னும் நல்லது.

#24 நீலக்குளம்

இருக்கிறது! அமில மூலையில்தான். செம்பு பாதி தின்னப்பட்டு நூல் மாதிரி இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிவிட்டார். ஒயர்மேன், உங்களுக்கு ஒரு கும்பிடு.

தூண்கள் மாறின, கம்பி இறங்கியது, பெயின்ட் இரண்டு கோட் முடிந்தது. வலை மூன்று கட்டத்துக்கும் நானே கட்டப்போகிறேன். ராசா அண்ணா, எந்த வலை, எப்படி?

#25 ரோலர்_ராசா

கம்பி இறங்கியதால் உங்கள் கட்டம் இப்போது பெரிசு. மெல்லிய தெளிவு வலை அவ்வளவு பெரிய கட்டத்தில் காற்றுக்குத் தளரும், பந்து பட்டால் போய்விடும். வினைல் பூசிய பாலியெஸ்டர் வலை உழைக்கும், ஆனால் நூல் தடிமன், பார்வையை அதுவே தின்னும். என்னைக் கேட்டால் சாதா 18-க்கு 14, கருப்பு, புதுசு. ஆனால் பொறியாளர் தாளில் வலை வகை எழுதியிருந்தால் அதுதான் வேதம்.

ஸ்பிளைனைப் பழசைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய் அதே தடிமனில் வாங்குங்கள். மெலிந்தால் வலை கழன்றுவரும், தடித்தால் காடியைப் பிளக்கும். வலையைச் சுற்றிலும் இரண்டங்குலம் கூடுதலாக வெட்டி, மேல் விளிம்பில் ஆரம்பியுங்கள். ரோலரில் இரண்டு சக்கரம் இருக்கும். குவிந்த சக்கரத்தால் வலையைக் காடிக்குள் மடக்கி, குழிந்த சக்கரத்தால் ஸ்பிளைனை அழுத்த வேண்டும். இழுக்காதீர்கள். புதுசாகக் கட்டுகிற எல்லோரும் தம்புரா மாதிரி விறைப்பாக வேண்டும் என்று இழுப்பார்கள்.

#26 நீலக்குளம்

இழுத்தேன்.

முதலில் பழைய ஸ்பிளைன் கதை. ஒரே நீளமாக உருவி எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். இரண்டு விரற்கடைக்கு ஒருமுறை உடைந்தது. கொக்கி ஊசியால் நெம்பி நெம்பி, ஒரு பக்கத்தை எடுக்கவே ஒரு காலைப்பொழுது. காடிக்குள் இருபது வருஷத் தூசி, ஒரு பல்லியின் எலும்புக்கூடு, முழுசாக, வாலோடு.

அப்புறம் புது வலை. மேல் விளிம்பு நன்றாக வந்தது. பக்கங்களுக்கு வரும்போது ஆசை வந்துவிட்டது, இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் ரோலரை ஓட்டினேன். முடித்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தால் கீழே இறக்கிய கம்பி நடுவில் மேலே வளைந்து சிரிக்கிறது. இல்லை, அழுகிறது. மொத்தமும் பிரித்து மறுபடி. இரண்டாம் தடவை வலையைக் காற்றில் தொங்கவிட்ட மாதிரியே விட்டு ஸ்பிளைனை மட்டும் ஓட்டினேன். ரோலர் போகப் போக அதுவே வேண்டிய விறைப்பை எடுத்துக்கொண்டது. மிச்சத்தைக் கத்தியால் ஸ்பிளைனின் வெளி விளிம்போடு சீவினேன். இரண்டாம் கட்டம் இரண்டு மணி நேரம், மூன்றாவது ஐம்பது நிமிஷம்.

#27 சும்மா_படிப்பவன்

ஏரி தெரிகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

#28 நீலக்குளம்

தெரிகிறது. இன்று காலை அதே நாற்காலி, அதே சாய்வு. கம்பி இப்போது புல்லில் விழுகிறது. தண்ணீர் கரையிலிருந்து கரைவரை முழுசாக இருக்கிறது. நாரை இரண்டு நின்றன. மனைவி ஒன்றும் சொல்லாமல் தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பக்கவாட்டில் 60 டிகிரியில் இருந்தாளாம், கணக்குப்பிள்ளை சார் எழுதியதைப் படித்திருக்கிறாள்.

தெளிவு வலை வாங்கவே இல்லை. கூரை வலையை இப்போதைக்குக் கழுவியதோடு விட்டுவிட்டேன். பெயின்ட் ஒரு தூணின் பின்பக்கம் ஒரு சாண் அளவுக்கு உரிகிறது, அங்கே உப்புத்தாள் போடாமல் ஏமாற்றிவிட்டேன் என்று அக்காவுக்கு நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. நேற்று ஓர் அணில் புது வலையில் ஏறி உட்கார்ந்து பல்லால் சோதித்துப் பார்த்தது. இன்று கீழ் மூலையில் ஓர் ஓட்டை.

#29 ரோலர்_ராசா

மொத்தத்தையும் மாற்றாதீர்கள். அந்த ஓட்டையைவிட ஓரங்குலம் பெரிதாக ஒரு துண்டு வெட்டி, மிச்ச வலையில் உருவிய நூலால் தைத்துவிடுங்கள். நாற்காலியிலிருந்து தெரியாது. அணில் மறுபடி வரும், மிச்சத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.